கதையின் நீதி என்ன என்று கேளாதீர்!

சாத்தான்குளம் என்னும் பெயரைக் கேட்டதும் வெளியூர் அன்பர்கள் நகைப்பதுண்டு. சாத்தானின் குளக்கரையில் ஆண்டவருக்கு ஒரு கோவிலா என்று குருக்களே கேலி பேசுவதும் உண்டு. எபிரேய வேதத்தின் சாத்தானுக்கும் இவ்வூர்ப் பெயருக்கும் யாதோர் உறவும் இல்லை. சாத்தன் என்பது பழந்தமிழ்ப் பெயர். சங்கப் புலவர் சிலர் அப்பெயரைத் தாங்கியிருந்தனர். நெல்லைச் சீமையில் குலந்தோறும் வணங்கப்பெறும் சாஸ்தாவுக்கும் சாத்தன் என்றே வழக்கு. இவற்றுக்கெல்லாம் மேலாக, மணிமேகலைக் காப்பியத்தை இயற்றிய பெருமகனாரும் ஒரு சாத்தனாரே. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பது அவர் முழுப்பெயர். அவர் துறவியல்லர், மடத்துப் பண்டிதருமல்லர். பெயரே சொல்வது போலத் தானியம் விற்ற வணிகர். தமிழில் மெய்யியலை மிகுதியாகப் பேசும் பெருங்காப்பியம் ஒரு பலசரக்கு வணிகரின் கையிலிருந்து பிறந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் இக்கட்டுரையின் வழக்கு அங்கிருந்தே தொடங்குகிறது.

மெய்யியல் குருமடத்துக்குரியது என்னும் எண்ணம் நம் இறைமக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கடவுள் இருக்கக் கயமை ஏன் வெல்கிறது? நல்லவன் ஏன் நோகிறான்? அஞ்சும் மனிதனுக்கு மனச்சான்று எதுவரை துணை நிற்கும்? மன்னிப்பு நீதிக்குப் பகையா, துணையா? இவை மெய்யியலும் இறையியலுமாகப் பல்லாண்டு பயின்றோர்க்குரிய வினாக்கள் என்றும், ஏனையோர்க்கு மறைக்கல்வி ஏட்டின் விடைகளே போதும் என்றும் கருதுவோர் பலர். கதையும் புதினமும் பொழுதுபோக்கு, தேர்வுக்கு உதவாதவை, ஆன்மாவுக்கோ ஒருவேளை ஆபத்தானவை என்பதும் அவர்தம் துணிபு. இவ்வெண்ணம் பிழையானது. பிழை என்பதோடு நில்லாமல் கேடும் பயப்பது. இதனை மறுத்துரைப்பதே நம் நோக்கம்.

கேடு என்றோம். அது வெறும் சொல்லன்று. 2020ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி, இவ்வூரில் ஒரு தந்தை காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற மகனும் அங்கே அகப்பட்டார். பின்னர்க் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட அவ்விருவரும், மகன் 22ஆம் நாள் இரவிலும் தந்தை மறுநாள் விடியலிலுமாக, அடுத்தடுத்து மாண்டனர். இரவெல்லாம் அவர்கள் அடிக்கப்பட்டனர் என்று, அந்நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் அச்சத்தின் நடுவே சாட்சியம் அளித்தார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை காவல்துறையினர் ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. சட்டத்தின் தீர்ப்பு சட்டத்துக்குரியது. நாம் பேச வந்தது ஊர் கேட்ட வினாவைப் பற்றி.

அந்நாள்களில் ஊர் கேட்டது. தேநீர்க் கடையிலும் கல்லறைத் தோட்டத்திலும் கோவில் முற்றத்திலும் கேட்டது. ‘இறைவன் அந்த இரவில் எங்கே இருந்தார்?’ என்று கேட்டது. வழக்கமான விடைகள் விரைந்து வந்தன. எல்லாம் அவன் சித்தம் என்றனர் சிலர். காலம் பொல்லாதது என்றனர் சிலர். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று வாயடைத்தோரும் உண்டு. நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகையில், தலைவலிக்கு வைத்திருக்கும் தைலத்தை நீட்டுவதற்கும் இவற்றுக்கும் என்ன வேறுபாடு?

இன்னும் நெருங்கிப் பாருங்கள். கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையை அறியாதவர் நம் நாட்டில் எவரும் உளரோ? எந்தச் சமயத்தவராயினும் அறிவர். சட்டப் புத்தகமும் அதனையே சொல்கிறது. ஆகவே அந்த இரவில் குறைபட்டது அறிவன்று. அடிபடுவது ஒரு தந்தை, ஒரு மகன், நாளை இதே தெருவில் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் என்று உணரும் உள்ளக்கண் அன்றோ குறைபட்டது? கட்டளை நமக்கு எல்லையைக் காட்டும்; அந்த எல்லைக்கு அப்பால் துடிப்பவனின் நோவைக் காட்டும் கண்ணை அது தருவதில்லை. அக்கண்ணைத் திறப்பதற்கென மனித குலம் தொன்றுதொட்டுக் கையாண்டுவரும் கருவிகளுள் தலையாயது கதை. இதுவே நம் வாதத்தின் அச்சாணி.

வேதமே சான்று

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. தாவீது அரசன் உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைக் கவர்ந்தபோது, இறைவாக்கினர் நாத்தான் அரசவைக்குச் சென்றார். கட்டளைகளை அவர் ஒப்புவிக்கவில்லை. அரசன் அவற்றை அறிந்தே இருந்தான். செல்வன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைச் சொன்னார். கதையைக் கேட்டுச் சினந்து அரசனே தீர்ப்பு வழங்கினான். வழங்கிய பின்னரே அத்தீர்ப்பு தன் தலைமேல் விழுந்ததை உணர்ந்தான். நேராகச் சொல்லியிருந்தால் காவலர்களை அழைத்திருப்பான். கதை அவன் காவல்களைக் கடந்து உள்ளே புகுந்தது.

திருச்சட்ட அறிஞர் ஒருவர் ஆண்டவரிடம், தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று வினவினார். அது மெய்யியல் வினா. வரையறை கேட்கும் வினா. நம் மறையுரைகளில் பலவற்றைப் போல ஆண்டவர் மூன்று பகுதிகளாக வரையறை தந்திருக்கலாம். அவரோ எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற ஒரு மனிதனின் கதையைச் சொன்னார். சொல்லி முடித்து, வினாவையே திருப்பிப் போட்டார். யார் எனக்கு அடுத்தவர் என்று கேட்டவனிடம், யார் அடுத்தவனாக நடந்துகொண்டான் என்று கேட்டார். வரையறை அறிவை நிறைவு செய்திருக்கும். கதையோ அறிஞரைச் சாலையில் இறக்கி நிற்க வைத்தது.

யோபு நூலை எடுத்துக்கொள்வோம். குற்றமற்றவன் ஏன் துன்புறுகிறான் என்பதே அதன் வினா. விடைகளைக் கையோடு கொண்டுவந்தவர்கள் யோபுவின் நண்பர்கள். ஏழு நாளும் ஏழு இரவும் அவனருகே பேசாமல் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்து இறையியல் பேசத் தொடங்கியபோதே பிழை தொடங்கிற்று. நூலின் முடிவில் ஆண்டவரின் சினம் பாய்ந்தது முறையிட்ட யோபுவின்மேல் அன்று. தம்மைக் காக்க வந்த அந்த வழக்கறிஞர்கள்மேல். இத்தனை பெரிய வினாவைத் தூய ஆவியார் ஒரு கட்டுரையாக எழுதத் தூண்டவில்லை. ஒரு கவிதையாக எழுதத் தூண்டினார் என்பதை நாம் ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

நம் பாண்டிய நாட்டிலும் இதே வினா எழுப்பப்பட்டதுண்டு. ஆராயாது கொடுத்த ஓர் ஆணையால் வணிகன் ஒருவன் மதுரையில் வெட்டுண்டான். அவன் மனைவி ஒற்றைச் சிலம்போடு அரசவையில் நின்றாள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் தன் குற்றம் உணர்ந்து உயிர்விட்டான். சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நம்மவர், காவலில் நேரும் மரணங்களைக் கேட்கும்போது அந்தச் சிலம்பின் ஓசையைக் கேட்கிறார்களா? கேட்கவில்லையெனில் அவர்கள் படித்தது இலக்கியமன்று, மதிப்பெண்.

மூன்று மறுப்புகள்

நமக்கு எதிராகச் சொல்லப்படுவன மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இலக்கியம் ஆபத்தானது என்பது. இதற்குச் சான்றோர் துணையும் உண்டு. புனித அகுஸ்தினார் இளமையில் வெர்ஜிலின் காப்பியத்தில் வரும் திதோ அரசியின் சாவுக்குக் கண்ணீர் விட்டதையும், தம் ஆன்மாவின் சாவுக்கு அழாதிருந்ததையும் பிற்காலத்தில் நொந்துகொண்டார். தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றைத் திருச்சபையே 1559 முதல் 1966 வரை வைத்திருந்தது. உண்மைதான். ஆனால் அகுஸ்தினாரின் வரலாற்றை முழுதும் படிப்போம். மிலான் நகரத்துத் தோட்டத்தில் அவர் மனந்திரும்புவதற்குச் சற்று முன் அவரை உலுக்கியது யாது? வனத்துச் சின்னப்பர் காலத்தவரான புனித வனத்து அந்தோணியாரின் வாழ்க்கைக் கதையைப் படித்து அரசு அலுவலர் இருவர் உலகைத் துறந்தனர் என்று ஒரு நண்பர் சொன்ன செய்தியே. ஒரு கதை அவரை வழிதவறச் செய்தது என்றால், இன்னொரு கதை அவரை வழிக்குக் கொணர்ந்தது. கத்தி கையை அறுக்கும் என்பதற்காக அடுக்களையில் கத்தியின்றிச் சமைப்போர் இல்லை.

பட்டியலின் காலத்திலேயே நிகழ்ந்த ஒன்றையும் சொல்வோம். கத்தோலிக்க எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1940இல் வெளியிட்ட ‘ஆற்றலும் மாட்சியும்’ என்னும் பொருள்படும் புதினம், மெக்சிகோவின் வேதகலாபனையில் ஒளிந்து திரியும் குடிகாரக் குரு ஒருவரைப் பற்றியது. தகுதியற்ற மனிதன் வழியாக அருள் பாயுமா என்னும் அருளடையாள இறையியலின் வினா அங்கே உடலெடுத்து, வியர்த்து, பயந்து, ஓடுகிறது. 1953இல் உரோமையின் திரு அலுவலகம் அந்நூலைக் குறைகூறியது. பின்னர் 1965இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆசிரியரைச் சந்தித்தபோது, தாம் அந்நூலைப் படித்திருப்பதாகவும், சிலருக்கு அது உறுத்தவே செய்யும் எனினும் அதனைப் பொருட்படுத்த வேண்டாம் எனவும் கூறினார். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு, மனிதனின் இயல்பையும் சிக்கல்களையும் ஆராயும் இலக்கியம் திருச்சபையின் வாழ்வுக்கும் இன்றியமையாதது என்று 62ஆம் எண்ணில் கற்பித்தது. சங்கம் முடிந்து அறுபது ஆண்டுகள் கடந்தன. நம் பங்குகளில் இன்னும் பலர் 1559இல் வாழ்கின்றனர்.

இரண்டாவது மறுப்பு, மெய்யியல் கற்றோர்க்குரியது. கதை அதன் தரத்துக்குத் தாழ்ந்தது என்பது. இதனைச் சொல்வோர் புனித தோமா அக்குவினாரின் பெயரைச் சொல்லி மிரட்டுவர். அவர்கள் ‘இறையியல் தொகுப்பின்’ முதல் வினாவிலேயே ஒன்பதாம் பகுதியைப் புரட்டிப் பார்க்கட்டும். திருநூல் உருவகங்களைக் கையாளலாமா என்று அங்கே தோமையார் வினவுகிறார். உருவகம் கவிதைக்குரியது, கவிதையோ அறிவுத் துறைகளுள் கடைப்பட்டது என்னும் மறுப்பையும் தாமே எடுத்துவைக்கிறார். பின் விடை சொல்கிறார்: புலன்களுக்கு எட்டுவதன் வழியாகவே அறிவுக்கு எட்டுவதை மனிதன் அடைகிறான், இறைவன் ஒவ்வோர் உயிரையும் அதனதன் இயல்புக்கேற்ப நடத்துகிறார், ஆகவே உருவகம் தகும். கல்வியில் பெரியோர்க்கு மட்டுமன்றி எளியோர்க்கும் உண்மை எட்ட வேண்டும் என்பதையும் அவர் காரணமாகச் சொல்கிறார். மிரட்டுவோர்க்கு அடைக்கலம் அங்கே இல்லை.

மூன்றாவது மறுப்பு இரக்கத்தின் வேடம் பூண்டு வரும். தேரி மண்ணில் பனையேறிப் பிழைப்பவர்க்கும், கால்வாய்த் தண்ணீர் கடைசிக் குளம்வரை வருமா என்று காத்திருப்போர்க்கும் இலக்கியம் எதற்கு என்பர். இதைவிட எளியோரை இழிவுபடுத்தும் சொல் இல்லை. நம் முன்னோர் எழுத்தறியாத காலத்திலும் கதையின்றி வாழ்ந்தவரா? கொடைவிழாக்களில் விடியவிடிய வில்லுப்பாட்டுக் கேட்ட மண் இது. பாஸ்குவும் மூவிராசாக்கள் நாடகமும் ஆடிய முற்றங்கள் நம்முடையவை. கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட ஞானசௌந்தரிக்காக நம் பாட்டிமார் சிந்திய கண்ணீர் வெறும் கண்ணீரா? குற்றமற்றவள் ஏன் இப்பாடு படுகிறாள் என்று அவர்கள் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யோபுவின் வினாவை அவர்கள் தங்கள் மொழியில் கேட்டனர். எளியோர்க்கு இந்தப் பசி உண்டு. அதற்குப் பந்தி போட மனமில்லாதவர்களே, பசியில்லை என்கின்றனர்.

நீதி தேடும் நோய்

இம்மூவரையும்விட நமக்குப் பெரும் எதிரி ஒருவர் உண்டு. அவர் இலக்கியத்தை மறுப்பதில்லை, வரவேற்பார். வரவேற்று, அமர வைத்து, ‘கதையின் நீதி என்ன?’ என்று கேட்பார். கரும்பைப் பிழிந்து சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை எறிவது போல, ஒரு வரி நீதியை எடுத்துக்கொண்டு கதையை எறிந்துவிடுவார். பள்ளித் தேர்வுகள் இந்நோயை வளர்த்தன. மறையுரைகளும் வளர்த்தன. ஓர் ஊரில் ஓர் அரசன் என்று தொடங்கி, ஆகவே அன்பர்களே என்று முடியும் கதைகள் இலக்கியமல்ல. அவை உடையணிந்த அறிவுரைகள்.

நம் நெல்லைச் சீமை தந்த புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1906 முதல் 1948 வரை வாழ்ந்து, காசநோயால் மறைந்தவர். 1943இல் வெளியான ‘சாப விமோசனம்’ என்னும் கதையில், இராமனின் பாதம் பட்டு எழுந்த அகலிகை, பின்னர்ச் சீதை தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள். தன்னை மன்னித்த அதே இராமனா இதைக் கேட்டான் என்று அவள் உள்ளம் நடுங்குகிறது. மீண்டும் கல்லாகிறாள். இக்கதையின் நீதி யாது? ஒரு வரியில் எழுதுங்கள் பார்ப்போம். எழுத இயலாது. மன்னிப்பு ஒருத்திக்கு, சோதனை இன்னொருத்திக்கு என்றால் அறம் ஒன்றா, இரண்டா? உண்மை உள்ளத்துக்குத் தெரிந்தால் போதுமா, உலகுக்கும் மெய்ப்பிக்க வேண்டுமா? மன்னிக்கப்பட்டவர் ஊரின் கண்களைத் தாங்கி எப்படி வாழ்வார்? ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்கத் தவறும் வினாக்கள் இவை. ஆசிரியர் கிறிஸ்தவர் அல்லர். கடவுளரையும் கடவுளின் அடியாரையும் கிண்டல் செய்தவர். அதனால் என்ன? ஏதென்ஸ் நகரின் அரயோப்பாகு மன்றில் திருத்தூதர் பவுல், கிறிஸ்துவை அறியாத கிரேக்கக் கவிஞரையே சான்றுக்கு அழைத்தார்.

ஆண்டவரின் உவமைகளிலும் நீதி எளிதில் அகப்படுவதில்லை. ஊதாரி மைந்தனின் அண்ணன் வீட்டுக்கு வெளியே நிற்கிறான். தந்தை வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. கதை முடியாமல் நிற்கிறது. ஏனெனில் முடிக்க வேண்டியவர் கேட்பவர். நீதியைத் தேடி ஓடுவோர், தாம் வாசலில் நின்றுகொண்டிருப்பதை மறந்துவிடுகின்றனர்.

நல்ல இலக்கியம் எதிர்த்தரப்பை ஏமாற்றுவதில்லை. தாஸ்தாயெவ்ஸ்கி கிறிஸ்துவை நேசித்த எழுத்தாளர். ஆயினும் ‘கரமசோவ் சகோதரர்கள்’ புதினத்தில், சித்திரவதைக்குள்ளான ஒரு குழந்தையின் கண்ணீருக்கு எந்த விண்ணக இசைவும் ஈடாகாது என்று இறைவனை எதிர்க்கும் இவானின் வாதத்துக்கே தம் முழு ஆற்றலையும் கொடுத்தார். ஜப்பானியக் கத்தோலிக்கரான ஷுசாக்கு எண்டோ 1966இல் ‘மௌனம்’ எழுதினார். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டு மணலில் நடந்த புனித சவேரியாரே 1549இல் ஜப்பானுக்கு விசுவாசத்தைக் கொண்டுசென்றவர். அந்தச் சபை அடுத்த நூற்றாண்டில் நசுக்கப்பட்டபோது, எளிய மக்கள் குழியில் தலைகீழாகத் தொங்கித் துடிக்க, அவர்களைக் காக்கத் தம் ஆண்டவரின் உருவை மிதிக்க நேர்ந்த குருவின் கதை அது. இறைவன் ஏன் மௌனமாயிருந்தார்? 2020இல் சாத்தான்குளம் கேட்ட வினா இதுவே. கேட்டவர்கள் தனியே இல்லை என்று சொல்ல அன்று எத்தனை பேருக்கு இந்நூலின் பெயர் தெரிந்திருந்தது?

நமது சொத்து

இவ்வளவும் வெளிநாட்டுச் சரக்கு என்று எவரும் எண்ண வேண்டா. அண்ட்ரிக் அடிகளார் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூலைத் தமிழில் அச்சிட்டார். எட்டாண்டுகள் கழித்து, 1586இல், புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளை ‘அடியார் வரலாறு’ என அச்சிட்டார். முதலில் விடை, அடுத்துக் கதை. இரண்டும் வேண்டும் என்பதை இக்கடற்கரையின் குரு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தார். வீரமாமுனிவர் வாய்பேசாத சூசையப்பரைத் தலைவராக்கி 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடினார். தமிழின் முதல் புதினமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதனை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர், முன்சீப்பாக இருந்து வழக்குகளைத் தீர்த்தவர். நம் சகோதர சபையைச் சார்ந்த கிருஷ்ண பிள்ளை, அருகிலுள்ள சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர், சிறையிருந்த ஜான் பனியனின் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கினார். உரோமையில் பயின்று பன்மொழி கற்றுவந்த தனிநாயகம் அடிகளார், 1940களில் வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்றியபோதே ஒரு பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தமிழிலக்கியம் கற்றார். அந்த வாசிப்பே அவரை உலகத் தமிழ் மாநாடுவரை கொண்டுசென்றது. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004இல் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’, கட்டுமரம் சிதைந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மனிதரைக் காட்டி, ஓர் உயிருக்காக இன்னோர் உயிர் விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று கேட்கிறது. அவரது ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் கோவில் மணியோசை கேட்கும் தொலைவில் எழுந்த இந்நூல்களை நம் வீடுகளில் எத்தனை வீடுகளில் காணலாம்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளிட்டு, உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு பற்றி ஒரு மடல் எழுதினார். குருமாணவர்க்கென எண்ணிய அதனை எல்லாக் கிறிஸ்தவர்க்கும் உரியதாக விரித்தார். தாம் 1964-65இல் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே பள்ளியில் இலக்கியம் கற்பித்ததை அதில் நினைவுகூர்ந்தார். மாணவர் பழங்காப்பியத்தை விரும்பாமல் தற்காலக் கவிஞரைக் கேட்டபோது, அவர்கள் விருப்பத்திலிருந்தே தொடங்கினாராம். பிறருடைய குரலைக் கேட்கும் செவியை இலக்கியம் பழக்குகிறது என்பது அம்மடலின் சாரம். அது நம் மறைமாவட்டங்களில் எத்தனை பங்குகளில் வாசிக்கப்பட்டது என்று வாசகர்களே கணக்கெடுக்கலாம்.

எதிர்க்கரையிலும் ஒரு பள்ளம் உண்டு. அதையும் சொல்லாவிடில் வழக்கு நேர்மையாகாது. இலக்கியமே போதும், கோவில் எதற்கு என்போர் உளர். கண்ணீர் வரவழைக்கும் நூலைப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் கூலியாளின் சம்பளத்தைக் குறைப்பவனும் வாசகன்தான். இலக்கியம் மீட்பரன்று. அது நற்கருணைக்கு ஈடாகாது. மனச்சான்றுக்கு மாற்றாகவும் ஆகாது. அது நிலத்தை உழும்; விதைப்பவர் வேறொருவர். ஆனால் உழாத நிலத்தில் விதை என்னவாகும் என்பதையும் ஆண்டவர் ஒரு கதையாகவே சொல்லியிருக்கிறார்.

செய்ய வேண்டுவன எளியவை. ஆண்டு விழாவில் பரிசாக வழங்கும் எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் ஒரு நூல் வழங்குங்கள். அன்பியக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு சிறுகதையை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேளுங்கள். வாசித்து முடிந்ததும் சற்று நேரம் பேசாதிருங்கள். யோபுவின் நண்பர்களுக்குத் தெரிந்திருந்த அந்த நற்செயல் நமக்கும் தெரியட்டும். பின்பு நீதி என்ன என்று கேளாதீர். இதில் நோவது யார், அதை யார் கண்டார், கண்டும் யார் வாய்மூடி இருந்தார், அங்கே நான் யார் என்று கேளுங்கள். பங்குத்தந்தை விடை சொல்ல முந்தினால், அன்போடு அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் பலரின் வாதங்களையும் பொறுமையாகக் கேட்டாள். ஆயினும் அக்காப்பியத்தின் உயிர் அந்த வாதங்களில் இல்லை. அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கூடத்துக்குள் நுழைந்து, அடைபட்டோர்க்கு உணவிட்டு, என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்று அவள் வேண்டினாளே, அங்கே இருக்கிறது. அரசன் இணங்கினான். தண்டனைக்கூடத்தை அறச்சாலையாகக் கனவு காண, பன்னூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சாத்தனாரால் முடிந்தது. காவல் நிலையத்தின் சுவருக்குள் இரவில் என்ன நடக்கும் என்று அறிந்துவிட்ட நமக்கு, அதைவிடச் சிறிய கனவு போதுமா? போதாதெனில், அந்தக் காதையை இன்றிரவே உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.